தேசம்மாள் மேல் நின்ற பனி

எங்கள் ஏரியில் பனி இறங்கினால் என்ஜினை அணை. நங்கூரத்தைப் போடு. வெயில் ஏறும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார். சவாரிப் படகு விடுகிறவனுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கன்னியப்பனுக்கு இது தெரியாததா? இருபது வருஷம் கடலுக்குப் போனவன், அப்புறம் பத்து வருஷம் சவாரி விட்டவன். தெரிந்தும் அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் ஊர் சிப்பிமேடு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு பேருந்து வந்து திரும்புகிற அளவுக்கு மணல். கன்னியப்பன் என் தங்கை தேசம்மாளைக் கட்டியவன். கடலில் மீன் குறைந்ததும் தன் பைபர் படகுக்கு நீலச் சாயம் அடித்து, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே ஒரு துணிக்கூரை கட்டி, பட்டணத்து ஜனங்களைப் பூநாரை காட்ட ஏற்றிக்கொண்டு போனான். நான் முன்னால் நின்று கழியால் ஆழம் பார்ப்பேன். பட்டணத்துப் பெண்கள் ஏறினார்கள், போட்டோ எடுத்தார்கள், சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறவில்லை. மீன் படகில் பெண் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சாயம் அடித்த பிறகு அது மீன் படகா, சவாரிப் படகா என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காததால் பழைய வழக்கமே நின்றது.

தேசம்மாள் துறையில் கருவாடு விற்பாள். பத்து வருஷம் அந்தப் படகு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மார்கழியில் மீன் ஆய்ந்துகொண்டே, என்னையும் ஒரு தடவை கூட்டிப்போயேன் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கட்டிக்கொண்டு வந்த முப்பது வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான் என்று அவன் பிற்பாடு என்னிடம் சொன்னான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லத் துணிச்சலும் வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். காணும் பொங்கல் அன்று ஒன்பது மணிக்கெல்லாம் துறையில் நிற்க இடம் இருக்காது. அதற்கு முன்னால், ஊர் எழுந்து பல் துலக்குவதற்குள், போய்விட்டு வந்துவிடலாம். யாரும் பார்க்க மாட்டார்கள்.

போனோம். அவள் பொங்கலுக்கு எடுத்த புதுப் புடவை கட்டியிருந்தாள், அதன் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தாள், நடு நாற்காலியில் பேருந்தில் உட்காருவதுபோல முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் முகத்துவாரத்துப் பக்கமிருந்து பனி வந்தது. முதலில் கடலோரத்துச் சவுக்குத் தோப்பு போயிற்று, அப்புறம் வலைக்கம்புகள் ஒவ்வொன்றாய்ப் போயின, அப்புறம் தண்ணீர் போயிற்று, அப்புறம் நான் பிடித்திருந்த கழியின் நுனி போயிற்று, அப்புறம் கழியைப் பிடித்திருந்த கையும் போயிற்று.

நான் அணைக்கச் சொன்னேன்.

"அணைச்சா ஒம்போது மணி ஆயிடும் மச்சான்," என்றான். "துறையில ஜனம் வந்துடும். இவ எறங்கறத எல்லாரும் பாத்துடுவாங்க."

இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

பனிக்குள் காதை நம்பக் கூடாது. அம்மன் கோயில் ஒலிபெருக்கி இடது பக்கம் பாடியது, கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் பாடியது, அப்புறம் படகுக்கு அடியில் பாடியது. அவன் பாட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பினான், திருப்பினான், திருப்பிக்கொண்டே இருந்தான். நேராகப் போவதாக நினைத்துத்தான் எல்லோரும் வட்டம் போடுகிறார்கள். ஒரு மணல் திட்டில் முட்டி நின்றோம். நாங்கள் நிற்கவில்லை, மணல் நிறுத்தியது. அவன் பின்னாலிருந்து, இந்தா, இருக்கிறியா என்று கேட்டான். இருக்கேன் என்றாள். மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் இருக்கேன் என்றாள்.

பிறகு வெயில் வந்தது. பனி வந்த வழியே திரும்பிப் போயிற்று. கழி தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, வலைக்கம்பு தெரிந்தது, தோப்பு தெரிந்தது, ஒரு கல்லெறி தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றதும் தெரிந்தது. நடு நாற்காலி மட்டும் தெரியவில்லை. அதன் மேல் ஒரு சின்ன அறை அளவுக்குப் பனி உட்கார்ந்திருந்தது. அதுவும் போகும் என்று இரண்டு பேரும் சற்று நேரம் காத்திருந்தோம். போகவில்லை.

"எல்லாம் தெளிஞ்சிடுச்சா?" என்று உள்ளேயிருந்து தேசம்மாள் கேட்டாள்.

தெளிந்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

துறைக்கு வந்தபோது ஒன்பதே கால். ஊரே நின்றது. எங்கள் படகிலிருந்து ஒரு பனி இறங்கி, பலகையில் தடவித் தடவி நடந்து, கூட்டம் விலகி வழிவிட, வீட்டுக்குப் போயிற்று. பெண் ஒருத்தி படகிலிருந்து இறங்குவதை யாரும் பார்க்கவில்லை. கன்னியப்பன் நினைத்தது அப்படியே நடந்தது.

பனி ஏன் அவள் மேல் நின்றது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. பூசாரிக்கும் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா பனிக்குள் கையை விட்டுத் தடவி, அவள் கையைக் கண்டுபிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, நார்மல்தான் என்று எழுதிக் கொடுத்தாள்.

எதுவாக இருந்தாலும் ஊர் ஒரு மாதத்தில் பழகிவிடும். முதலில் அவள் வீட்டு உப்பு தண்ணீராயிற்று, தீக்குச்சி பற்ற மறுத்தது, அப்பளம் துணிபோலத் தொங்கிற்று. அவள் மண் அடுப்பை விட்டு கேஸ் அடுப்புக்கு மாறினாள். பேருந்து நடத்துநர் ஏற்ற மாட்டேன் என்றார், ஓட்டுநருக்குக் கண்ணாடி மங்கிவிடுகிறதாம், அவள் நடந்தாள். புது ரேஷன் அட்டைக்குப் படம் எடுக்க வந்த பையன் மூன்று தடவை எடுத்தான், மூன்றிலும் வெள்ளையாக வந்தது, அடுத்த வாரம் வாங்க அம்மா என்று எல்லோருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் சொன்னான். கருவாடு அவள் பக்கத்தில் நமத்துப்போனது, அதனால் விட்டுவிட்டு நண்டும் இறாலும் விற்றாள். பனிக்குள் வைத்த இறால் ஐஸ் இல்லாமல் சாயங்காலம்வரை துள்ளிற்று, மீன்காரிகள் அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடித்துச் சண்டை போட்டார்கள். அவள் வருவதற்கு முன்னால் தெரு முனையில் நின்று, வர்றேன் வர்றேன் என்று குரல் கொடுப்பாள். எதிரே வருகிறவர்கள் சைக்கிள் மணியை அடிப்பார்கள்.

அவள் பனிக்குள் முதலில் போய் அழுதவன் வீராசாமி. அவன் மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலில் போனவன். உடல் தேடும்போதும் வீராசாமி அழவில்லை, கிடைக்காமல் காரியம் செய்தபோதும் அழவில்லை. ஒருநாள் நண்டு வாங்க அவள் பனிக்குள் குனிந்தான், ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து என்ன சத்தம் வந்தது என்று துறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது. அவளுக்குள் போய்வந்த எல்லோர் முகமும் நனைந்துதான் இருக்கும், அதனால் எது பனி எது கண்ணீர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நண்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் அடிவாங்கி வந்தவள் போனாள், பெற்ற தாயைக் கடைசி நாளில் பார்க்கப் போகாதவன் போனான், பத்து வருஷம் பேசாத அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசிவிட்டு, வெளியே வந்து மறுபடி பேசாமல் போனார்கள். எங்கள் நாட்டார் தேவராசு, ஊர்க்கூட்டத்தில் நாற்பது வருஷமாகத் தீர்ப்புச் சொல்கிறவர், இறால் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தேசம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாள். இறாலை உரித்துக்கொண்டே இருப்பாள்.

கருவாடு காயவைக்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள், அவள் போகிற தெருவில் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது என்று. மற்றவர்கள், அவள் எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். நாட்டார் கூட்டம் போட்டார். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு: நல்ல மீன் விழுகிற இடங்களைச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்ன வீடு, நாளைக்கு இன்ன வீடு என்று முறை வைத்துக்கொள்வோம், அதை யாரும் மீற மாட்டார்கள். பனிக்கும் அப்படியே பாடு வைத்தார்கள். திங்கள் கீழத்தெரு, செவ்வாய் கோயில் தெரு, அந்த அந்த நாளில் அந்தத் தெருவில் கருவாடு விரிக்கக் கூடாது, அழ வேண்டியவர்கள் அழலாம். கன்னியப்பன் எழுந்து தன் வீட்டுக்கு என்ன நாள் என்று கேட்டான்.

"ஏம்ப்பா, நீதான் தெனமும் வச்சினு இருக்கிறியே," என்றார் நாட்டார். கூட்டம் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அடுத்த வாரம் தெரிந்தது. பார்வை மங்குகிறது என்றான், பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அவனை நான்தான் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் ஒளி அடித்துப் பார்த்து, சொட்டு மருந்து விட்டு, மறுபடி பார்த்து, நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, இனிமேல் திருப்ப முடியாது, எட்டு மாசம், மிஞ்சினால் ஒரு வருஷம் என்றார்கள். திரும்பி வரும்போது, ஊர் நெருங்கியதும் பேருந்தில் கேட்டான்.

"மச்சான், தேசம்மாளுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

நான் யோசித்தேன். கூடப்பிறந்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். இடது என்று சொல்ல வாயைத் திறந்தேன், வலது என்று தோன்றிற்று. தெரியவில்லை என்றேன்.

கல்யாணப் போட்டோ புயலில் போயிற்று. பழைய ரேஷன் அட்டையில் இருந்த முகம் விரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டது. அவளையே கேட்டான். "கண்ணாடியில பாத்தா எடது," என்று பனிக்குள்ளிருந்து சிரித்தாள். "உனக்கு எந்தப் பக்கம்னு நீயே கணக்கு போட்டுக்க." தொட்டுப் பார்த்துக்கொள் என்று அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்தாள். அவன் தொட்டான். தொட்டால் மூக்கு தெரிகிறது, நெற்றி தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றான்.

அதன்பிறகு அவனுக்கு ஒரே வேலை. கண் போவதற்குள் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஊரில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் இரவல் வாங்கி நான்கு பக்கமும் வைத்தான். பனி ஆடிற்று, போகவில்லை. செங்கல் சூளைக்குக் கூட்டிப்போய் எரிகிற வாயின் முன்னால் நிறுத்தினான். அவளுக்குக் கையில் கொப்புளம் வந்தது, பனிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மணல் திட்டுக்கே திரும்பக் கூட்டிப்போனான், அங்கேயே இறக்கி உட்காரவைத்தான், சாயங்காலம்வரை காத்திருந்தான். அவளோடு போன பனி அவளோடேயே திரும்பி வந்தது. பாடு இருக்கிற நாட்களிலும் அவளைச் சூளைக்கும் கோயிலுக்கும் இழுத்துக்கொண்டு போனதால் கோயில் தெருக்காரர்கள் கூட்டத்தில் முறையிட்டார்கள். எங்களுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் விரட்டப் பார்க்கிறானே என்றாள் ஒருத்தி. அவள் பேரைச் சொல்ல மாட்டேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

சூளையிலிருந்து வந்த அன்றைக்குத் தேசம்மாளும் கேட்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"முப்பது வருஷம் வெளிச்சத்துலதானே இருந்தேன். அப்ப எத்தினி தடவ பாத்த?"

அவன் பனிக்குள் கையை விட்டுக் கொப்புளத்தில் எண்ணெய் தடவினான்.

"வேணாம்னு சொல்லல," என்றாள். "போனா போவட்டும். கையில கொப்புளம்தான் வலிக்குது."

ஆடியில் அவனுக்குப் பக்கவாட்டில் தெரியவில்லை. ஆவணியில் என்ஜின் கயிறு தெரியவில்லை, சவாரியை நான் எடுத்துக்கொண்டேன். கண் போகிறவனுக்கு இருட்டிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தோம். அவனுக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. புரட்டாசி முடிவில் எல்லாம் வெள்ளை. கண் போயிற்று என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. பனி பெருத்துவிட்டது என்றான். முதலில் வீடு முழுக்கப் பெருத்தது என்றான், அப்புறம் தெரு முழுக்க, அப்புறம் ஏரி முழுக்க. நாங்கள் யாரும் மறுக்கவில்லை. அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பாடு போகிற தெருவுக்கெல்லாம் கூடவே போனான், அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பனி போகும்போது இதுவும் சேர்ந்து போகும் என்று அவன் நம்பினான். அல்லது நம்புகிறமாதிரி இருந்தான்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும், தேசம்மாள் தெருக்குழாயில் இறால் கழுவிக்கொண்டிருந்தாள். அவனை வீட்டு வாசலில் வெயிலில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். நான் கேனில் தண்ணீர் பிடிக்க நின்றிருந்தேன். மழை இல்லை, காற்று இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. பனி போயிற்று. அவ்வளவுதான். தண்ணீரில் இரண்டு கைகள் தெரிந்தன, பிறகு நீல வளையல் தெரிந்தது, பிறகு முழுதாகத் தேசம்மாள் குழாயடியில் குனிந்திருந்தாள். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவளுக்கே அது தெரியாது. இறாலை அப்படியே போட்டுவிட்டு முதலில் நடந்தாள், அப்புறம் ஓடினாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன்.

அவன் மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு எதிரே போய் நின்றாள், குனிந்தாள், அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித் தன் முகத்தை வைத்தாள். மூச்சு வாங்கிற்று. சொல்ல வாயைத் திறந்தாள். அவன் கண் அவளைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"வந்துட்டியா," என்றான். "இன்னிக்கு ரொம்பக் கெட்டியா இருக்குதே."

அவள் வாயை மூடினாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா," என்றாள்.

அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. சீட்டுக் குலுக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை மேலத்தெருப் பாடு. அவள் அவனைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரு முனையில் நின்று வர்றேன் வர்றேன் என்றாள். எதிரே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மணியை அடித்தான். விரித்த கருவாட்டைப் பெண்கள் சத்தமில்லாமல் வாரி எடுத்தார்கள். தினம் காலையில் அவள் புடவையைக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை முந்தானையில் தெளித்துப் பிழிந்துகொள்வாள், அவன் பிடிக்கும்போது பனி பட்ட ஈரம் இருக்க வேண்டும் என்று. மார்கழிக் குளிரிலும் அதைச் செய்தாள். இருமல் வந்தது. இருமலோடு செய்தாள்.

அழுவதுதான் கஷ்டமாக இருந்தது. பாடு நாளில் யாரும் வந்து அழாவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அழுவதற்கோ பனி இல்லை. முதல் வாரம் மேலத்தெருவில் ஒருவரும் வரவில்லை, அவன் பெட்டி மேல் உட்கார்ந்து, இன்னிக்கு யாருக்கும் கஷ்டமில்லையா என்று கேட்டான். அப்போது வீராசாமி வந்தான். பட்டப்பகலில், தெருவே பார்க்க, தேசம்மாள் முன்னால் உட்கார்ந்தான். அவள் இறால் உரித்தாள். அவன் முதலில் தன் மகன் பேரைச் சொன்னான், அப்புறம் அழுதான், முகத்தை மூட அங்கே ஒன்றும் இல்லை. தெருவில் நின்ற அத்தனை பேரும் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள். சுவரைப் பார்த்து நின்றவர்களில் சிலரும் அழுதார்கள். கடைசியில் நாட்டாரும் வந்தார். இறாலைப் பார்க்க வந்ததாக அவர் சொல்லவில்லை. இப்படித்தான் எங்கள் ஊர் வெளிச்சத்தில் அழப் பழகிற்று. சௌகரியமான பழக்கம் இல்லை. ஆனால் விடவில்லை.

பங்குனியில் ஒருநாள் நான் படகில் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். தேசம்மாள் அவனை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அவள் காலடிச் சத்தம் தேயும்வரை அவன் காத்திருந்தான்.

"மச்சான், பனி எப்ப போச்சு?"

தூரிகையை வைத்துவிட்டேன். எந்தப் பனி என்று கேட்டேன். கேட்டது எனக்கே நன்றாக இல்லை.

"முந்தாநாள் வாசல்ல உக்காந்திருந்தேன், மூஞ்சில நல்ல வெயிலு. அவ குறுக்கால போனா. அவ நெழல் எம்மேல விழுந்துச்சி. குளுந்துச்சி. பனிக்கு ஏது நெழலு?"

ஐப்பசியில் என்றேன்.

அவன் விரல் விட்டு மாசங்களை எண்ணினான். அப்போ இது என் கண்தான் என்றான், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. தெருவே சேர்ந்துதானே மறைச்சீங்க என்று கேட்டான், ஆமாம் என்றேன். வீராசாமியுமா என்றான், ஆமாம் என்றேன். "அவகிட்ட சொல்லாத," என்றான். "காலையில சொம்புத் தண்ணி ஊத்திக்கறா. சத்தம் கேக்குது. மூணு மாசமா இருமுறா. இருந்தாலும் சொல்லாத. எனக்காவ செய்யறா, செய்யட்டும். மே மாசம் வந்தா அவளுக்கும் குளிராது."

பிறகு ஒன்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நிறைந்து வழிகிற நேரம் பார்த்து, பதினோரு மணிக்கு, தேசம்மாளைப் படகில் ஏற்ற வேண்டும். நடு நாற்காலியில் இல்லை. முன்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

ஏற்றினோம். ஊர்ப் பெண்கள் துறையில் வரிசையாக நின்றார்கள். நாட்டார் நின்றார். பலகையில் அவள் கால் வைத்தபோது யாரும் வழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் ஊர் அதைவிடப் பெரிதாய் ஒன்றைப் பேசாமல் ஆறு மாசம் பழகியிருந்தது. கன்னியப்பன் அவளுக்கு எதிரே, என் காலடியில் உட்கார்ந்தான். வெயில் பளிச்சென்று இருந்தது. ஏரி தகரம்போல மின்னிற்று. பனி ஜாஸ்தியா இருக்குது, கெட்டியாப் புடிச்சிக்க என்று அவன் அவளிடம் சத்தமாகச் சொன்னான். ஆமா, எதிர்ல ஒண்ணுமே தெரியல என்று அவள் சொன்னாள். எதிரே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் எழுந்துகொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

என்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காதபடி அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"எப்படி இருக்கா?"

நான் தங்கையைப் பார்த்தேன். சரியாகப் பார்த்தேன். இவ்வளவு வருஷத்தில் நானும் அதைச் செய்திருக்கவில்லை. காற்றில் நரைமுடி பறந்தது, அவள் ஒதுக்கவில்லை. கண் சுருங்கியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, இருந்தும் அந்த முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பேச்சு வராது.

"வயசாயிடுச்சி," என்றேன்.

"எனக்குத் தெரியாம," என்றான்.

முகத்துவாரம்வரை போய்த் திரும்பினோம். துறை நெருங்கியதும் நான் என்ஜினைத் தணித்தேன். இறங்க வேண்டும், அவன் முந்தானையைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேர வெயிலில் அவள் புடவை மொரமொரவென்று காய்ந்துவிட்டிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், பதறினாள், படகின் விளிம்பில் குனிந்து, சத்தம் வராமல், உள்ளங்கையால் ஏரித் தண்ணீரை அள்ளி அள்ளி முந்தானையில் தடவினாள்.

நீட்ட எடுத்த கையைக் கன்னியப்பன் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் நனைத்து முடிக்கும்வரை, எதையும் கேட்காதவனாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.